மோசம், படுமோசம், அதற்கும் மேலே

தமிழில் பேசிக்கொண்டே போகிறவர் நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவுவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று, பெருமை பேசும்போது. இன்னொன்று, எதையாவது மட்டம் தட்டும்போது. "ரோடு ரொம்ப வொர்ஸ்ட்", "சர்வீஸ் பக்கா வேஸ்ட்", "படம் ஹாரிபிள்" என்று நம் தருமபுரி பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும், காதில் விழும். ஆங்கிலம் படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. காய்கறி விற்கும் அம்மாவும் சொல்கிறார், கல்லூரி போகும் பையனும் சொல்கிறான்.

நான் இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 34 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று மூன்று பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் "ரொம்ப வொர்ஸ்ட்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் கை தானாகச் சிவப்பு மையைத் தேடும். 'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்' என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்தது நினைவிருக்கும். வொர்ஸ்ட் என்றால் எல்லாவற்றிலும் கடைசி. அதற்குக் கீழே படிக்கட்டு கிடையாது. அப்புறம் 'ரொம்ப' எதற்கு? ஆனால் நம் மக்கள் அதற்கும் கீழே ஒரு படி கட்டி இறங்கிவிடுகிறார்கள்.

மிக மோசமான ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள சொற்களைப் பற்றி இந்த முறை எழுதலாம் என்று தோன்றியது. வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது பிள்ளைகள் தூங்கமாட்டார்கள். நல்லதைச் சொல்லும் சொற்களைக் கற்பதைவிட இதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம்.

முதலில் ஒரு சின்ன இலக்கணம். 'பேட்' என்ற சொல்லுக்கு முன்னால் 'வெரி' போடலாம். ஆனால் 'ஹாரிபிள்', 'டெரிபிள்', 'அட்ரோஷியஸ்' போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றுக்குள்ளேயே 'மிக' அடங்கியிருக்கிறது. நாமும் 'மிகப் படுமோசம்' என்று எழுதமாட்டோம் அல்லவா? 'படு' என்பதிலேயே 'மிக' வந்துவிட்டது. இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.

அடுத்து, இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்வேன். 'டிஸாஸ்டர்' என்ற சொல்லுக்குள் நட்சத்திரம் இருக்கிறது. கெட்ட நட்சத்திரம், அதாவது கிரகம் சரியில்லை. 'டிஸாஸ்ட்ரஸ்' என்பது அதன் பிள்ளை. இத்தாலிக்காரனும் நம் ஊர் ஜோசியரும் ஒரே வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். 'அபாமினபிள்' என்பதற்குள் சகுனம் இருக்கிறது. கெட்ட சகுனம் கண்டு விலகிப்போவதற்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 'ஹாரிபிள்' என்பதன் வேர், மயிர் சிலிர்த்து நிற்பது. நாம் மயிர்க்கூச்செறிகிறது என்கிறோமே, அதேதான். 'டிப்ளோரபிள்' என்பதில் அழுகை இருக்கிறது. 'அபிஸ்மல்' என்பது அடிகாணாத பள்ளம். 'ஹீனஸ்' என்பதன் வேர் வெறுப்பு. 'லௌஸி' என்றால் பேன் பிடித்தது. இதைச் சொன்னதும் வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கும்.

சில சொற்கள் காலப்போக்கில் கட்சி மாறியவை. 'ஆஃபுல்' என்ற சொல் ஒரு காலத்தில் கடவுளைக் கண்டால் வரும் பயபக்தியைக் குறித்தது. இன்று ஊசிப்போன சாம்பாருக்குச் சொல்கிறோம். 'எக்ரீஜியஸ்' என்றால் மந்தையிலிருந்து தனித்து நிற்பவன், அதாவது சிறப்பானவன். இன்று அது மன்னிக்கவே முடியாத தவறுக்குரிய சொல். 'டெரிபிள்', 'டெரிஃபிக்' இரண்டும் அச்சம் என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கெட்டபடியே இருக்க, மற்றது 'பிரமாதம்' என்ற பொருளுக்குப் போய்விட்டது.

தமிழ் மட்டும் என்ன? 'நாற்றம்' என்றால் பழந்தமிழில் நறுமணம். இன்று யாரிடமாவது "உங்கள் வீட்டில் நாற்றம் வீசுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். 'கேவலம்' என்பதற்கு வடமொழியில் 'தனித்த', 'மட்டும்' என்று பொருள். நம்மிடம் வந்து அது கேவலப்பட்டுவிட்டது. இப்போது இளைஞர்கள் நன்றாக இருப்பதைக்கூட "பயங்கரமா இருக்கு" என்கிறார்கள். டெரிஃபிக் போன பாதையில் பயங்கரமும் போகிறது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு ஒன்று. வைவதற்கான சொற்களில் பல, மனிதர்களைத் தாழ்த்திப் பிறந்தவை. 'வில்லன்' என்றால் முதலில் பண்ணையில் உழைத்த குடியானவன். உழைக்கிறவன் பெயரைக் கெட்டவன் பெயராக ஆக்கிவிட்டார்கள். 'ரெச்சட்' என்ற சொல்லின் வேரில் இருப்பவன் ஊரைவிட்டு விரட்டப்பட்ட அகதி. நம் பக்கத்தில் கோபம் வந்தால் 'சண்டாளா' என்கிறார்களே, அதுவும் ஒரு பிரிவு மக்களைக் குறித்த பெயர்தான். என் வகுப்பில் அந்தச் சொல் வந்தால் அங்கேயே நிறுத்தி இதைச் சொல்வேன். யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே இன்னொருவரையும் சேர்த்துத் திட்டிவிடக்கூடாது.

இனி, எந்தச் சொல்லை எங்கே வைப்பது? தலைவலி 'டெரிபிள்' ஆகலாம், 'ஹீனஸ்' ஆகாது. 'ஹீனஸ்' குற்றத்துக்கு மட்டும் உரியது. விடுதிச் சாப்பாடு 'லௌஸி' ஆகலாம். தேர்ச்சி விகிதம் 'அபிஸ்மல்' ஆகலாம். கழிப்பறை இல்லாத பள்ளியின் நிலைமை 'டிப்ளோரபிள்'. மேலதிகாரிக்கு எழுதும்போது இவை எதுவும் வராது. அங்கே எல்லாமே 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி'. கூரை விழுந்தாலும் அது 'அன்டுவர்ட் இன்சிடென்ட்'. வானொலித் தமிழில் 'அசம்பாவிதம்'. என்ன நடந்தது என்று சொல்லாமலே நடந்ததைச் சொல்லிவிடும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது.

அரசாங்க ஆங்கிலத்தில் மோசத்துக்கு அளவுகோல் உண்டு. மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவைவிட 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் வானிலைத் துறைக்கு அது 'டெஃபிஷியன்ட்'. 60 முதல் 99 வரை குறைந்தால் முன்பெல்லாம் 'ஸ்கேன்ட்டி'. பிறகு அதை 'லார்ஜ் டெஃபிஷியன்ட்' என்று மாற்றினார்கள். மானாவாரி ராகியும் சாமையும் போட்டு வானத்தைப் பார்த்து நிற்கிற நம் ஆட்கள் இந்த இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "பூமி காஞ்சு போச்சு."

வெள்ளைக்காரன் காலத்திலும் இதே கதைதான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், நாம் அப்போது சேர்ந்திருந்த சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலை செய்த ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு மண் வெட்ட வேண்டும். பஞ்சம் முடிந்த பிறகு, 1880களில் பஞ்சச் சட்டத் தொகுப்பு ஒன்று எழுதினார்கள். அதில் பற்றாக்குறையை நெருங்கிய நிலை, பற்றாக்குறை, பஞ்சம் என்று மூன்று படிகள். 'ஸ்கேர்சிட்டி' என்று எழுதினால் ஒரு அளவு உதவி, 'ஃபேமின்' என்று எழுதினால் வேறு அளவு உதவி. கலெக்டர் பேனாவிலிருந்து எந்தச் சொல் இறங்குகிறது என்பதில் வயிறுகள் காத்துக்கிடந்தன.

சொல்லின் படிக்கட்டு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரியவைத்தது புத்தகம் அல்ல, ஒரு மாணவியின் பல்.

நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய ஊர்கள் இங்கே ஏராளம். போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும். சில பெரியவர்களுக்கு எலும்பு இறுகி, முதுகு வளைந்து, குனிய முடியாமல் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நான் சொல்வது அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு.

ஒரு நாள் பல் மருத்துவ முகாம் நடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அட்டை. பல்லில் விழும் புளோரைடு கறையை வகைப்படுத்த டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரியது, மிக லேசானது, லேசானது, மிதமானது, கடுமையானது என்று அது ஏறிக்கொண்டே போகும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பெண். அட்டையில் 'மாடரேட்' என்று இருந்தது.

"சார், மாடரேட்டுன்னா என்னாங்க சார்?"

"நடுத்தரம்மா."

"நடுத்தரம்னா நல்லதுங்களா சார், கெட்டதுங்களா?"

எழுதிய மருத்துவரிடம் எந்தக் குறையும் இல்லை. அளவுகோலின்படி அது சரியான சொல். ஆனால் அந்தப் பெண் குழு போட்டோ எடுத்த அன்று பின்வரிசைக்குப் போய் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அவள் கணக்கில் அது நடுத்தரம் இல்லை. "பல்லுல இருக்கிற கறைக்குத்தான் அந்தப் பேரு. உனக்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினேன். மருத்துவர் அளந்தது பல்லை. அவள் கேட்டது தன்னைப் பற்றி. ஒரே அட்டையில் இரண்டையும் எழுத இடமில்லை.

அடுத்து வருவதை எழுத இத்தனை வருடம் தயங்கினேன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி. சென்னையில் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு எதிர்ப்பு என்று கட்சிக்காரர்கள் சாலைமறியலில் இறங்கினார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்து இலக்கியம்பட்டியில் நின்றது. அதற்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து போனார்கள். பலருக்குக் காயம். நம் ஊர்ப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெயரோடு நாம் வாழ வேண்டியிருந்தது. வெளியூர் போனால் "தருமபுரிங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு நொடி பேசாமல் நிற்பார்கள்.

அடுத்த வாரம் பத்தாம் வகுப்பில் செய்தி அறிக்கை எழுதும் பயிற்சி. யாரும் சொல்லாமலே பாதிப் பேர் அதைப் பற்றித்தான் எழுதினார்கள். ஒரு பையனின் நோட்டில், அது மிக மோசமான சம்பவம் என்று எளிய ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கமாக 'வெரி பேட்' என்பதை அடித்துவிட்டு ஒற்றைச் சொல் போடச் சொல்பவன் நான். சுவரில் அதற்கென்றே ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பையன் எழுந்து அதைப் பார்த்தான்.

"எதைப் போடட்டும் சார்?"

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "டெரிபிள் போன வாரம் தலைவலிக்குப் போட்டோம் சார். ஹாரிபிள் சாப்பாட்டுக்குப் போட்டோம்."

வகுப்பு அமைதியானது. நானும் பட்டியலைப் பார்த்தேன். 'காஸ்ட்லி', 'பார்பேரிக்', 'ஹீனஸ்' எல்லாம் இருந்தன. 'ஹீனஸ்' பொருந்தும், குற்றத்துக்கு உரிய சொல். ஆனால் பதினைந்து வயதுப் பையன் அந்தச் சொல்லை எழுதினால், அது பத்திரிகையிலிருந்து எடுத்தது போல இருக்கும். அவன் எழுதியது போல இருக்காது.

"பெயரடை எதுவுமே வேண்டாம். என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்க. யாரு, எங்க, எப்போ" என்றேன்.

எழுதினார்கள். இறந்தகாலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்கள். மூன்று மாணவிகள் சுற்றுலா போனார்கள். அவர்கள் விவசாயம் படித்தார்கள். பேருந்து எரிந்தது. அவர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான். அந்த நோட்டுகளில் சிவப்பு மையால் இலக்கணப் பிழை மட்டும் திருத்தினேன். மதிப்பெண் போடவில்லை. பட்டியலைச் சுவரிலிருந்து எடுக்கவுமில்லை. தலைவலிக்கும் சாப்பாட்டுக்கும் அது வேண்டுமே.

வகுப்பில் பெயரடையை விட்டுவிடலாம். நீதிமன்றத்தில் முடியாது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சொற்றொடர் வகுத்தது: அரிதினும் அரிதான வழக்கு. அந்த வகையில் சேர்ந்தால்தான் தூக்கு, இல்லாவிட்டால் ஆயுள். அதாவது இந்த நாட்டில் ஒரு பெயரடையில் உயிர் தொங்குகிறது. பேருந்து எரிப்பு வழக்கில் 2007இல் சேலம் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் அதை உறுதிசெய்தது. 2010இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2016இல் மறுஆய்வில், கூட்ட வெறியில் முன்திட்டமில்லாமல் நடந்தது என்று கருதி அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2018இல் மூவரும் விடுதலையானார்கள். ஒரே சம்பவம், ஒரே சாட்சியம். 2010இல் அது அரிதினும் அரிது, 2016இல் அந்த வகையில் இல்லை. தூக்கு வேண்டும், வேண்டாம் என்பதில் உங்களுக்குள் இரண்டு கட்சி இருக்கலாம். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எத்தனை நீதிபதிகள் எத்தனை முறை அந்தப் பெயரடையை நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மோசத்தைக் குறிக்காத ஒரு சொல், மோசத்தையே மறைத்து நிற்பதும் உண்டு. 'அலெஜ்டு'. தமிழில் 'கூறப்படும்'. அரூர் பக்கம் வேலை பார்த்த வருடங்களில் நான் அதிகம் கேட்ட ஆங்கிலச் சொல் அதுதான். 1992 ஜூன் 20ஆம் தேதி, சித்தேரி மலை அடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், மக்களை அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஆனால் பத்திரிகையில் அது 'கூறப்படும் சம்பவம்'. அதிகாரிகள் பேச்சில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 1995இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

1992இலிருந்து 2011வரை 19 வருடம். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை பிளஸ் டூ முடித்திருக்கும். அத்தனை காலமும் அந்தப் பெண்களின் வாழ்க்கைக்கு முன்னால் 'கூறப்படும்' என்ற சொல் நின்றது. சட்டத்துக்கு அந்தச் சொல் தேவை, நான் மறுக்கவில்லை. நிரூபிக்கும் வரை யாரையும் குற்றவாளி என்று எழுதக்கூடாது. நாளைக்கு நம் மீதே பொய் வழக்கு வந்தால் அதே சொல்தான் நம்மைக் காப்பாற்றும். ஆனால் காப்பாற்றுவதற்கு வைத்த சொல்லைப் புதைப்பதற்கும் பயன்படுத்தலாம் என்பதை நம் மாவட்டம் பார்த்துவிட்டது. 2023இல், அதே செப்டம்பர் 29ஆம் தேதி, உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதற்கு முன் அந்த நீதிபதி வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தும் வந்திருந்தார்.

1989இல் வந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'அட்ராசிட்டி' என்ற சொல் இருக்கிறது. 'அட்ரோஷியஸ்' என்பதற்கு அக்கா தங்கை உறவு. இன்று சினிமா விமர்சனத்தில், நண்பர்கள் கிண்டலில், "அவன் அட்ராசிட்டி தாங்கல" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அதைத் தமிழில் 'வன்கொடுமை' என்று மொழிபெயர்த்தவர் யாரோ, நன்றாகச் செய்திருக்கிறார். அந்தச் சொல்லை யாரும் இன்னும் கிண்டலுக்கு எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பார்களாக.

யோசித்துப் பார்த்தால், நம் ஊர்ப் பேச்சில் மிக மோசமான ஒன்றுக்குப் பெயரடையே வருவதில்லை. "வயிறு எரியுது", "ஈரக்குலை நடுங்குது", "நெஞ்சு ஆறல" என்கிறார்கள். அந்த விஷயம் எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை, அது தன்னை என்ன செய்தது என்று சொல்கிறார்கள். ஹாரிபிளின் வேரில் சிலிர்த்து நின்றதும், டிப்ளோரபிளின் வேரில் அழுததும் இப்படிப்பட்ட ஒரு உடம்புதான். ஆங்கிலேயன் அதை மறந்துவிட்டான். நம் பாட்டிமார் மறக்கவில்லை.

வொர்ஸ்ட் சாலைக்கும் லௌஸி சாப்பாட்டுக்கும் ஆங்கிலம் தாராளமாக இருக்கட்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு நம் சொற்களைத் தேய்க்காமல் வைத்திருப்போம். உங்கள் ஊர்ப் பக்கம், உங்கள் அம்மாவோ அப்பாயியோ, தாங்க முடியாத ஒன்றைக் கேட்டதும் என்ன சொல்வார்கள்? நினைவில் இருந்தால் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அகராதியில் அவை இருக்காது.